பதினேழாம் எண் மூடி

நான் விமானம் ஏறியது ஒரே ஒரு முறை. சாமி சிலைக்காகப் போனதாகத்தான் எங்கள் ஊர் ஈப்போவில் பலரும் இன்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலைக்காகவும்தான் போனேன். ஆனால் பயணம் முழுக்க நான் மடியை விட்டு இறக்காமல் வைத்திருந்தது ஒரு காலிப் புட்டி. தேடிப் போனது அந்தப் புட்டியின் மூடியை.

நான் தச்சன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. நாலு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மரத்தோடு பழகுவது சுலபம், அது என்னைக் கேள்வி கேட்பதில்லை. அப்படிப்பட்டவனை இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில் இரண்டு பேர் சேர்ந்து இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். ஒருவர் எங்கள் கோயில் தலைவர். மாமல்லபுரத்தில் செய்யக் கொடுத்திருந்த அம்மன் சிலைக்கு அங்கேயே மரப்பெட்டி அடித்துக் கப்பலுக்கு அனுப்ப ஆள் வேண்டும் என்றார். இன்னொருவர் டாக்டரம்மா.

டாக்டரம்மா மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்தக் காலத்தில் அறுவைச் சிகிச்சைக்கு முன் ஆளைத் தூங்கவைக்கப் பயன்பட்ட புட்டிகளையும் டப்பாக்களையும் குழாய்களையும் தேடித் தேடிச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றுக்கான அலமாரியைச் செய்தவன் நான். ஒவ்வொன்றுக்கும் அதனதன் அளவுக்குப் பலகையில் குழி வெட்டி, உள்ளே மெத்தென்ற துணி ஒட்டினேன். அதனால் எல்லாப் புட்டியும் என் கைக்குப் பழக்கம்.

குளோரோஃபார்ம் இருந்த நீலப் புட்டிக்கு உடம்பெல்லாம் வரிவரியாகப் புடைப்பு. இருட்டில் வேறு புட்டி என்று நினைத்து எடுத்தாலும், விரல் பட்டதுமே விஷம் என்று தெரிய வேண்டுமாம். வெளிச்சம் பட்டால் அந்த மருந்து நஞ்சாக மாறும் என்பதால் பழுப்பு நிறப் புட்டிகளும் இருந்தன. ஈதர் வந்த தகர டப்பாவுக்கு உட்புறம் செம்புப் பூச்சு. செம்பு பட்டுக்கொண்டிருந்தால் ஈதர் சீக்கிரம் கெடாதாம். விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய், அதன் முனையில் சிறிய பித்தளை விசை. விசையை அழுத்தினால், பிடித்திருக்கும் கையின் சூட்டுக்கே உள்ளிருக்கும் மருந்து பீச்சிக்கொண்டு வருமாம். இன்னொரு புட்டிக்கு ஒரு கொக்கி. டாக்டர் அதைத் தன் கோட்டின் பொத்தான் துளையில் மாட்டிக்கொண்டு இரண்டு கைகளையும் வேறு வேலைக்கு வைத்துக்கொள்வாராம். ஒரு புட்டிக்காக இவ்வளவு யோசித்தவர்கள் யாரோ என்று வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பேன். நானும் பொருள்களுக்குக் கூடு செய்கிறவன்தானே.

அலமாரியில் ஒரே ஒரு குழி காலியாக இருந்தது. கட்டை விரல் அளவுக் குழி. சொட்டுப் புட்டியின் மூடிக்காக வெட்டியது.

சொட்டுப் புட்டி என்பது டாக்டரம்மா வைத்த பெயர். நோயாளியின் மூக்கின் மேல் துணி போர்த்திய கம்பிக் கூண்டை வைத்து, அந்தத் துணியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்களாம். அதற்கான புட்டி. அதன் கண்ணாடி மூடியில் இரண்டு பள்ளங்கள் இருக்கும், கழுத்திலும் இரண்டு. மூடியைத் திருப்பிப் பள்ளத்தோடு பள்ளம் சேர்த்தால் ஒன்றில் காற்று உள்ளே போகும், மற்றதில் மருந்து சொட்டும். கால் சுற்றுத் திருப்பினால் அடைத்துக்கொள்ளும். மூடியையும் கழுத்தையும் ஒன்றோடொன்று வைத்துத் தேய்த்தே பொருத்தியிருப்பதால் ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. ஜோடி மாறாமல் இருக்க இரண்டிலும் ஒரே எண்ணைக் கீறி வைத்திருப்பார்கள். டாக்டரம்மாவின் புட்டியில் பதினேழு.

இளவயதில் இந்தியாவில் படித்து முடித்து, செங்கல்பட்டில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில்தான் அவர் முதலில் வேலை பார்த்தார். ஊர் திரும்பும் நாளில் அந்தப் புட்டியை அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். மூடியைக் கழுவி ஜன்னலில் காயவைத்திருந்தார்கள். அவசரத்தில் அது ஜன்னலிலேயே நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தப் புட்டிக்குத் தக்கைதான் மூடி.

சிலை எவ்வளவு தூரம் ஆயிற்று என்று பார்க்க மாமல்லபுரம் போய்வந்த கோயில் தலைவர், புகைப்படங்களை எல்லோருக்கும் காட்டினார். ஒன்றில் சிலையின் பக்கத்தில் ஒரு இருமல் மருந்துப் புட்டி. அதன் வாயில் கண்ணாடி மூடி. டாக்டரம்மாவுக்கு வலது கண் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. படத்தை இடது கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இதை யார் கொடுத்தது என்று சிற்பியிடம் போனில் கேட்கச் சொன்னார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மாமியாருடையது என்று பதில் வந்தது.

ஒரு மருத்துவக் கல்லூரி அந்த அலமாரிக்காகவே ஓர் அறையைத் தயார் செய்துகொண்டிருந்தது. "அந்த அறையைத் திறக்கறதுக்குள்ள, இந்தக் கண்ணும் போறதுக்குள்ள, ஒரே ஒரு தடவை அதை மூடித் திறந்து பாக்கணும், மாணிக்கம்" என்றார் டாக்டரம்மா. "எண் சரியா இருக்கான்னு பாத்துக் கேட்டு வாங்கிட்டு வா. புட்டியை மட்டும் யார் கையிலயும் கொடுத்துடாதே."

அந்தப் புட்டிக்குத் தேக்கில் ஒரு சிறு பெட்டி செய்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன்.

செங்கல்பட்டில் முதல் நாள் காலை பசியாற ஓர் ஓட்டலில் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் காலையில் ரொட்டி சானாயைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் ஊர்க்கதை பேசலாம். இங்கே இலை முழுதாக விரியுமுன் இட்டிலியும் சாம்பாரும் வந்துவிடுகின்றன, சாம்பார் ஆறுமுன் "அப்புறம் இன்னா?" என்று கேள்வி வந்துவிடுகிறது. சட்னி மூன்று நிறத்தில் வந்தது. கோப்பி எங்கள் ஊர்க் குவளையில் பாதிகூட இல்லை, ஆனால் குடித்து முடித்த பிறகும் நாக்கில் வெகுநேரம் இருந்தது. அதற்காகவே இன்னொன்று வேண்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

ரயிலடியை ஒட்டிக் கடல் மாதிரி ஓர் ஏரி. அதைப் பார்த்துக்கொண்டே நடந்து மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா ஒரு வேலை கொடுத்திருந்தார். பழைய அறுவை அறையில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இன்னும் இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும்.

வாசலில் ஒரு நர்ஸம்மா "யாரைப் பாக்கணும்?" என்றார். ஜன்னலைப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பெட்டியைத் திறந்து புட்டியைக் காட்டி, விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. அந்த அம்மா அதற்குப் பிறகு என்னை ஒரு விருந்தாளி மாதிரி அழைத்துக்கொண்டு போனார். ஜன்னல் இருந்தது, ஆள் உயரத்துக்கு மேல். மின்சாரம் நின்றுபோனாலும் நோயாளியின் முகம் தெரிய வேண்டும் என்று வைத்தது. அறை இப்போது கட்டில்களும் நாற்காலிகளும் அடுக்கிவைக்கும் இடமாக இருந்தாலும் வெளிச்சம் குறையவில்லை. அந்தச் சட்டத்தில் தட்டிப் பார்த்தேன். பர்மாத் தேக்கு. ஒரு விரிசல்கூட இல்லை.

அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா மேசைமேல் தகர டப்பாவில் பேனாக்கள் போட்டு வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். உள்ளே செம்பு நிறம்.

"ஈதர் டப்பாங்க" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"இன்னாது?"

"மயக்க மருந்து வந்த டப்பா. செம்புப் பூச்சு."

அவர் பேனாக்களைக் கொட்டிவிட்டு உள்ளே பார்த்தார். "அதான் சிஸ்டர், சாப்ட்டு வந்து குந்துனா எனக்குத் தூக்கம் தூக்கமா வருது. நீங்க என்னைத் திட்டினே கீறீங்க!"

"டப்பா வர்றதுக்கு முன்னாடியும் தூங்கினுதான் இருந்தீங்க" என்றார் நர்ஸம்மா.

மறுநாள் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறினேன். எங்கள் ஊர் பஸ்ஸில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். இங்கே ஏறிய இரண்டு நிமிடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்த பூக்கார அம்மாவுக்கு என் ஊர், தொழில், வயது, நான் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளாதது எல்லாம் தெரிந்துவிட்டது. நானாக எதையும் சொன்ன நினைவில்லை.

"திருவிடந்தை போ நைனா. பெருமாளுக்கு மாலை வாங்கிக் குடு. ஒண்ண உன் கய்த்துல போடுவாங்க. போட்டுகினு கோயிலச் சுத்திட்டு வா. அடுத்த வருசம் ஜோடியா வருவ."

கண்டக்டர் குறுக்கே வந்தார். "இவருக்கு அடுத்த வருசம் போதாதும்மா. பெருமாளுக்கே கொஞ்சம் டைம் குடு."

பஸ்ஸே சிரித்தது. முன் இருக்கையில் ஒரு தெலுங்குக் குடும்பம் இருந்தது. எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் தெலுங்கர்கள் என்பதால் அவர்கள் பேசியது எனக்குப் புரிந்தது. "பாவம், நல்ல மனிதர் மாதிரி இருக்கிறார். மடியில் இருப்பது அம்மாவின் அஸ்தியாக இருக்கும்" என்று மனைவி கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. "ஆம்பளைங்க எல்லாம் எறங்கித் தள்ளு!" என்றார் கண்டக்டர். எல்லோரும் இறங்கினார்கள். நான் பெட்டியோடு நின்றேன். ஒற்றைக் கையால் தள்ளிப் பார்த்தேன், கண்டக்டர் முறைத்தார். பூக்கார அம்மா கையை நீட்டினார்.

"குடு. இன்னா, தின்னுடவா போறேன்?"

டாக்டரம்மா சொன்னது காதில் ஒலித்தது. ஆனால் ஊரே தள்ளும்போது ஒருவன் மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்பதும் சரியில்லை. கொடுத்தேன். அந்த அம்மா சும்மாடு கோலி, பூக்கூடையைத் தலையில் வைத்து, கூடைக்குமேல் என் பெட்டியையும் வைத்துக்கொண்டு, கையைவிட்டு நடந்தார். நான் பஸ்ஸைத் தள்ளினேனே தவிர முன்னால் பார்க்கவே இல்லை. பக்கவாட்டில் அந்தப் பெட்டியை மட்டுமே பார்த்துக்கொண்டு தள்ளினேன். எஞ்சின் உறுமியபோது முகம் குப்புற விழப் பார்த்தேன். பெட்டி இம்மியும் ஆடவில்லை. திரும்ப என் மடிக்கு வந்தபோது மல்லிகை வாசனையோடு வந்தது. அதற்குப் பிறகு என் கையைவிட அந்த அம்மாவின் தலையே பத்திரமான இடம் என்று எனக்குத் தோன்றியது.

மாமல்லபுரத்தை முதலில் காதால்தான் பார்த்தேன். பஸ்ஸை விட்டு இறங்குமுன்னே உளிச்சத்தம். கடல் சத்தம் அதற்குப் பின்னால்தான் கேட்கிறது. பட்டறை சாலையோரத்தில், தென்னை ஓலைக் கொட்டகைக்குக் கீழே. பெரிய ஸ்தபதி ஏகாம்பரம் என் வயதுதான் இருப்பார். புருவம், மீசை, மார்முடி எல்லாம் கல்தூசியில் வெளுத்திருந்தன.

எங்கள் அம்மன் மணல்மூட்டைகளின் மேல் மல்லாந்து படுத்திருந்தாள். கழுத்துவரை ஈரச் சாக்கு போர்த்தியிருந்தது. முகம் மட்டும் வெளியே. கண்கள் இன்னும் திறக்கவில்லை. அதைக் கோயிலில் சடங்கு செய்து, கடைசியில்தான் திறப்பார்கள். அப்படி ஒரு அமைதியான முகத்தை நான் மனிதர்களிடம்கூடக் கண்டதில்லை. டாக்டரம்மா சொல்லிக் கேட்டிருந்த, அறுவை மேசையில் தூங்கும் நோயாளி என் நினைவுக்கு வந்தார்.

டாக்டரம்மா அனுப்பி வந்திருக்கிறேன் என்று நான் சொன்னதில் பாதிதான் பட்டறையில் பரவியது. கொஞ்ச நேரத்தில் மெருகு தேய்க்கும் ஒருவர் பக்கத்தில் வந்து வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டினார். "மரத்துப்போற மாதிரி எதுனா போட்டு இத்தப் புடுங்கிடு டாக்டரு." நான் தச்சன் என்றேன். அவர் இன்னும் நம்பிக்கையோடு வாயை அகலமாகத் திறந்தார்.

ஏகாம்பரம் மூடியைக் கழற்றி, பார்க்க மட்டும் என் உள்ளங்கையில் வைத்தார். தலைப்பக்கத்தில் பொடியாகக் கீறியிருந்தது, பதினேழு.

அவர் மனைவி வசந்தா எனக்கு மோர் கொண்டுவந்தார். "எங்க அம்மா அந்த ஆஸ்பத்திரியில தியேட்டர் ஆயாண்ணே. டாக்டரம்மா என்னிக்கின்னாலும் வருவாங்க, வந்தா குடுக்கணும்னு புடவை மடிப்புல வெச்சிருந்துச்சி. சாவறப்பயும் சொல்லிட்டுத்தான் போச்சி. அவுங்க பொருளு. குடுத்துடுய்யா."

"குடுக்கமாட்டேன்னு சொன்னனா?" என்றார் ஏகாம்பரம். "மூக்கு முடியட்டும்."

எங்கள் அம்மனுக்கு நிஜ மூக்குத்தி போட வேண்டும் என்று கோயில் தலைவர் சொல்லியிருந்தார். மூக்கின் ஓரத்தில் கருங்கல்லில் ஈர்க்குச்சி அளவுத் துளை. மிஷினை வைத்தால் அதிரும் என்று ஏகாம்பரம் கையால் சுற்றும் துளைப்பானைத்தான் வைத்துக்கொள்கிறார். அது சுற்றச் சுற்றக் கல் சூடேறும். தண்ணீர் குறைந்தால் கல் தெறிக்கும். அதிகம் ஊற்றினால் அரைபடும் தூள் அடித்துக்கொண்டு போய்விடும், முனை வழுக்கும். சொட்டுச் சொட்டாகத்தான் விட வேண்டும். அதற்குத்தான் அந்த மூடி.

"போன தபா ஒரு சிலை. மூக்கு தெறிச்சிடுச்சி. பின்னமானத கோயில்ல வெக்க முடியுமா? ஏழு மாச வேலை. நாலு பேர் தூக்கினு போயி கடல்ல எறக்கிட்டு வந்தோம்" என்றார். சொல்லும்போது சிலையைப் பார்க்காமல் கடல் பக்கம் பார்த்தார்.

"குளுக்கோஸ் ஏத்துற டியூப் கீது பாரு, அதுல சக்கரம் இருக்கு, உருட்னா சொட்டு சொட்டா வரும். பத்து வருசமா சொல்லினு இருக்கேன்" என்றார் வசந்தா.

"ஆமா, அம்மனுக்கு குளுக்கோஸ் ஏத்து. அப்டியே ஒரு ஊசியும் போடு."

ஒரு வீண்கல்லில் அவர் ஒத்திகை பார்த்தார். இருமல் மருந்துப் புட்டியின் கழுத்தில் பள்ளம் கிடையாது. மூடியைச் சுற்றி நூல் சுற்றி இடைவெளி விட்டு அடைத்திருந்தார். இரண்டு சொட்டு ஒழுங்காக விழுந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு நான்கு சொட்டு சேர்ந்தாற்போல் கொட்டியது. வீண்கல் 'டப்' என்று தெறித்தது. கொட்டகையில் உளிச்சத்தம் எல்லாம் நின்றுபோனது.

ஏகாம்பரம் தெறித்த சில்லை எடுத்து வீசினார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

"அந்தப் புட்டிய குடு அண்ணாத்த. இதோட ஜோடிதான அது? ஒரே ஒரு ஓட்டைக்கி."

கல் வேலை நடக்கும் இடம், கீழே விழுந்தால் தூளாகிவிடும். அது உடைந்தால் டாக்டரம்மா முகத்தில் எப்படி முழிப்பேன்? கொடுக்காமல் அம்மனின் மூக்கு தெறித்தால் ஊர் முகத்தில் எப்படி முழிப்பேன்? எழுந்து டெலிபோன் பூத்துக்கு ஓடினேன். பெட்டியையும் எடுத்துக்கொண்டுதான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "கல்லுக்கா?" என்று சிரித்தார். பிறகு, "உடையுமா?" என்றார்.

"உடையலாம் அம்மா."

"நான் என்ன சொன்னேன்? யார் கையிலயும் கொடுக்காதேன்னுதானே? அப்படியே செய். கொடுக்காதே. நீயே பிடி."

"நானா அம்மா?"

"நீதான். கட்டை விரல் மூடிமேல இருக்கட்டும். கால் சுற்று, அதுக்கு மேல திருப்பாதே. இன்னொண்ணு. புதுசா வர்ற டாக்டருங்க எல்லாம் புட்டியையே பாத்துக்கிட்டிருப்பாங்க. நீ புட்டியைப் பாக்காதே, முகத்தைப் பாரு. யார் கூப்பிட்டாலும் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதே."

அன்று மாலை முழுக்க ஒரு வீண்கல்லின்மேல் சொட்டு விட்டுப் பழகினேன். மூடியை அதன் புட்டியில் முதல்முறை வைத்துத் திருப்பியபோது மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. நன்றாகச் செய்த இழுப்பறை உள்ளே போய் உட்காரும்போது வருமே, அந்த மாதிரி. இத்தனை வருடம் பிரிந்து கிடந்த இரண்டும் இம்மிகூடப் பிசகாமல் சேர்ந்துகொண்டன. அதைத் தேய்த்துப் பொருத்திய கை எந்த நாட்டுக் கையோ தெரியாது. மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன்.

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் ஆரம்பித்தோம். ஏகாம்பரம் குளித்துவிட்டு வந்து, சிலையின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். தலைமாட்டில் என்னை உட்காரச் சொன்னார். பல்வலிக்காரர் உட்பட எல்லோரும் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் என்னைப் பார்ப்பது வேறு நாளாக இருந்தால் எனக்குத் தாங்காது. அன்று நான் யாரையும் பார்க்கவில்லை.

"வுடு" என்றார்.

கால் சுற்று. சொட்டு விழுந்தது. துளைப்பான் கரகரத்தது. மூக்கோரத்தில் சாம்பல் நிறப் பால் ஊறியது.

"வுடு. வுடு. நிறுத்து. மூச்சு வுட்டுக்கறேன்." பிறகு மறுபடி, "வுடு."

இப்படியே போனது. அவர் சுற்றுவதும் நான் திருப்புவதும் ஒரு நிதானத்துக்கு வந்துவிட்டன. சாலையில் ஒரு டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. யாரோ வந்து "டீ வாணுமா?" என்றார்கள். வசந்தா அவர்களை அதட்டியது கேட்டது. நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் ஏகாம்பரம் கண்ணை மூடிக்கொண்டு, கல்லுக்குள் முனை போகும் தூரத்தை விரலால் உணர்ந்து சுற்றிக்கொண்டிருந்தார். அப்போது மூக்கின் ஓரம், துளையைச் சுற்றி, மெல்ல வெளுக்க ஆரம்பித்தது. ஈரம் போன கருங்கல் சாம்பல் நிறமாகும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் என் பாட்டுக்குத் திருப்பினேன். ஒரு சொட்டு. இன்னொன்று. வெளுப்பு ஓடிப்போய்க் கறுப்புத் திரும்பியது.

முனை உட்பக்கம் வெளியேறிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஏகாம்பரம் துளைப்பானை மெதுவாக உருவினார். தெறிப்பு இல்லை, கீறல் இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"இன்னா அண்ணாத்த, நான் சொல்றதுக்கு முன்னாடி வுட்டுட்டியே?"

"முகம் வெளுத்துச்சிங்க" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் தலைத் துண்டை அவிழ்த்து என் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டார். "டேய், இவரு டாக்டர் இல்லன்னு எவன்டா சொன்னது?" என்றார். பல்வலிக்காரர் மட்டும் ரொம்ப நம்பிக்கையோடு தலையாட்டினார்.

வசந்தா தன் மூக்கிலிருந்து மூக்குத்தியைக் கழற்றி, தண்ணீரில் அலசி, அம்மனின் மூக்கில் வைத்துப் பார்த்தார். சரியாக உட்கார்ந்தது. கண் மூடிய அந்த முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம். கழற்றும்போது வசந்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஏகாம்பரம் கொஞ்ச நேரம் உருட்டினார். பிறகு அதை மனைவியிடம் கொடுத்தார். "உங்க அம்மா குடுக்கச் சொன்னது. நீயே குடு."

வசந்தா அதற்குள் புளியும் தேங்காய் நாரும் கொண்டுவந்துவிட்டார். "பள்ளத்துல கல்லுமாவு அடைச்சினு கீது. ஒரே தேய்ப்பு, பளபளன்னு ஆயிடும். பெரியவங்களுக்குப் போற பொருளு, அப்டியேவா குடுக்கறது?" நான் கிட்டத்தட்டப் பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். பழைய பொருளைக் கேட்காமல் கழுவக்கூடாது என்பது டாக்டரம்மாவின் சட்டம். பூத்துக்குப் போய்க் கேட்டேன்.

"பள்ளத்துல என்ன இருக்கு?" என்றார்.

"கல்தூள் அம்மா. அம்மன் மூக்குல இருந்து வந்தது."

"அப்படியே கொண்டு வா."

மிச்ச நாள்களில் சிலைக்குப் பெட்டி அடித்தேன். முகத்தில் எந்தப் பலகையும் படாமல், தோளிலும் இடுப்பிலும் மட்டும் பிடி கொடுத்து, மூக்குக்கு நேராக ஒரு வெறுமையான இடம் விட்டேன். ஏகாம்பரம் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து மூலைகளைத் தடவிப் பார்த்தார். "ஆணியே தெரியலியே" என்றார். அவரிடமிருந்து அந்தச் சொல் கிடைத்ததை இன்றுவரை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. கிளம்பும் காலையில் அவர் பட்டறையின் குறுக்குக் கம்பில் ஒரு குளுக்கோஸ் டியூபைக் கட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த மூக்குக்கு இதான்" என்று முகத்தைச் சுளித்தார். வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

திருவிடந்தையில் இறங்காமல் போகக் கூடாது என்று வசந்தா சத்தியம் வாங்கியிருந்தார். மாலை போட்டுக்கொண்டு, பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு கோயிலைச் சுற்றினேன். அந்த மாலை காய்ந்து சருகாகி இன்னும் என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பெருமாளைக் குறை சொல்ல மாட்டேன். கண்டக்டர்தான் அவருக்கு டைம் கொடுக்கச் சொல்லியிருந்தாரே.

ஈப்போவில் டாக்டரம்மா மூடியை வாங்கி முதலில் எண்ணை நகத்தால் தடவினார். பிறகு புட்டியில் வைத்துக் கால் சுற்றுத் திருப்பினார். திறந்தார், மூடினார். காதருகே வைத்துக்கொண்டு மறுபடி திருப்பினார். "நல்லாப் பிடிச்சியா?" என்று கேட்டார். பிடித்தேன் என்றேன். கல்லூரி அறை திறந்த நாளில் அவர் இடது கண்ணாலேயே அந்த அலமாரி முழுவதையும் பார்த்தார். கட்டை விரல் அளவுக் குழியில் மூடி இருந்தது, பள்ளத்தில் சாம்பல் நிறக் கோடு அப்படியே.

கும்பாபிஷேகத்தன்று அம்மனுக்குக் கண் திறந்தார்கள். கற்பூரம் காட்டியபோது மூக்குத்தி மினுங்கியது. கூட்டம் முழுக்கக் கையைத் தலைக்கு மேலே கூப்பியது. நான் தூணுக்குப் பின்னால்தான் நின்றேன். நானும் கும்பிடத்தான் கையை எடுத்தேன். கட்டை விரல் தானாகக் கால் சுற்றுத் திரும்பி நின்றது. நான் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.